குடல் இல்லாத நூற்று நாற்பது கத்தாழை

காரைக்காலில் பிரான்சுக்குப் போவது ஒரு பெரிய விஷயமே இல்லை. தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்திருந்தால் போதும். அந்தப் பழைய பட்டாளத்துக்காரர் பெயரைச் சொல்லிப் பேரன் பேத்திகள் பாரிஸில் போய் இறங்கி, பனி பொழியும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார்கள். கருக்களாச்சேரி பாரதிப்ரியாவின் தாத்தா பட்டாளத்தில் இல்லை, கட்டுமரத்தில் இருந்தார். அதனால் அவள் படித்துத்தான் போக வேண்டியிருந்தது.

நான் சிவராமன். சொந்த ஊர் அம்பகரத்தூர். காரைக்காலில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் இருபத்தெட்டு வருடமாக ஆய்வக உதவியாளர். எங்கள் வீட்டில் மீன் கிடையாது, முட்டைகூடக் கிடையாது. ஆனால் பகல் முழுக்க எனக்குக் குடித்தனம் ஃபார்மலின் ஜாடிகளோடுதான். "காலையில திருநீறு, பத்து மணிக்குத் திருக்கை" என்று என் மனைவி கேலி செய்வாள். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், முன்கோபமும் உண்டு. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

பாரதி பி.எஸ்ஸி. சேர்ந்தபோது வகுப்பில் மற்றவர்களைவிட இரண்டு வயது பெரியவள். பிளஸ் டூ முடித்த கோடையில் அவள் அப்பா மாணிக்கவேல் விசைப்படகில் வலை இழுக்கும்போது விஞ்ச் கயிற்றில் வலது கால் சிக்கிக்கொண்டது. உயிர் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை. கடல் தொழில் அத்தோடு போயிற்று. அம்மா விசாலாட்சி மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்பவள். பாரதி இன்னொரு கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். இரண்டு வருடம் அப்படியே கழிந்தது. மூன்றாவது வருடம் மாணிக்கவேலே, "வலை பின்ன எனக்குக் கை ரெண்டும் இருக்கு, நீ காலேஜுக்குப் போ" என்று சொல்லி, அண்டை அயலில் கிழிந்த வலை எல்லாவற்றையும் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார்.

கல்லூரிக்கு வந்தாளே தவிர, கூடை அவளை விடவில்லை. விடியற்காலை துறைமுகத்தில் அம்மாவோடு ஏலத்தில் நிற்பாள். மீனை ஷேர் ஆட்டோவில் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவாள். அங்கேயே கைகால் கழுவி, உடை மாற்றி ஒன்பதரைக்கு வகுப்பில் இருப்பாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் மீன் வாடை முழுதாகப் போகாது. முதல் வாரம் இரண்டு பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்கு மாறினார்கள். எனக்கு வந்த கோபத்தில், அடுத்த செய்முறை வகுப்பில் அந்த இருவருக்கும் நடுவே ஜாடியிலேயே பழசான ஒரு சுறாக்குட்டியைத் திறந்து வைத்தேன். பாரதிதான் என்னிடம் வந்து, "விடுங்கண்ணே, வாசனைக்கு யாரும் மார்க் கொறைக்க மாட்டாங்க" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

பி.எஸ்ஸி. முடித்து எங்களிடமே எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டில் துறைத் தலைவர் சோமசேகரன் சார் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். பிரான்சின் மேற்குக் கடற்கரையில் ஒரு பல்கலைக்கழகம். கடல் அறிவியலில் இரண்டு வருடப் படிப்பு. இந்தியாவிலிருந்து ஒரே ஒருவருக்கு முழு உதவித்தொகை. பாரதி விண்ணப்பித்தாள். முதல் சுற்றில் தேறிவிட்டாள். ஏப்ரல் கடைசியில் வீடியோவில் நேர்காணல். தன் சொந்த ஆய்வை அந்த ஊர்ப் பேராசிரியர்களுக்குக் காட்ட வேண்டும். உதவித்தொகை கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் பழையபடி இரண்டாவது கூடை. நடுவில் வேறு வழி ஏதும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு, கத்தாழை மீன் என்ன தின்கிறது என்பது. ஒவ்வொரு மீனாக வயிற்றைத் திறந்து, இரைப்பையில் இருக்கும் இறால், குட்டி மீன், நண்டுக் கால் எல்லாவற்றையும் பிரித்து எடைபோட வேண்டும். ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, தடைக்காலம். அதனால் கடைசியாகக் கரைக்கு வந்த படகுகளில் நூற்று நாற்பது கத்தாழையைப் பொறுக்கி எடுத்தாள். வருடப் பிறப்பன்று வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் நீளத்தையும் எடையையும் குறித்து, வாலில் நைலான் நூலால் எண் கட்டினாள். கல்லூரியோ நாலு நாள் விடுமுறை. துறையின் ஃப்ரீசரோ மாசியிலிருந்து பழுது. மீன் அத்தனையையும் ஐஸ் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டு, ஆங்கிலத் தேர்வு எழுத அன்று மாலையே சென்னைக்குப் பஸ் ஏறினாள்.

"அண்ணே, பதினாறாம் தேதி காலையில ஃபார்மலின் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்க. அதுவரைக்கும் அம்மா ஐஸ் போட்டுப் பாத்துக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் சரி என்றேன். பதினாறாம் தேதி எங்கள் வயலில் உளுந்து பிடுங்க ஆள் வந்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு ஃபார்மலின் கேனோடு கருக்களாச்சேரியில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். பழைய வலையை விரித்து, அதன்மேல் வரிசை வரிசையாகக் கத்தாழை காய்ந்துகொண்டிருந்தது. வயிறு கிழித்து, கழுவி, உப்புத் தடவி, வெயிலுக்கு நன்றாக விரித்துப் போட்டிருந்தது. ஒவ்வொரு வாலிலும் எண் கட்டியது கட்டியபடி இருந்தது. விசாலாட்சி முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

"வாங்க சார். ஒண்ணுகூடக் கெடல பாருங்க. நம்பர் ஒண்ணுகூட அவுக்கல."

நான் ஒரு மீனைத் தூக்கி வயிற்றைப் பிரித்துப் பார்த்தேன். "கொடல் எல்லாம் எங்கம்மா?" என்றேன்.

"கொடலா? காக்காய்க்குப் போட்டேன் சார்."

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. "அந்தக் கொடல்தாம்மா ஆராய்ச்சியே! மீனு யாருக்கு வேணும்? பொண்ணு தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டு, சிரிச்சுக்கிட்டு வேற நிக்கிறீங்களே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். வலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த மாணிக்கவேல் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

விசாலாட்சி மெதுவாகத்தான் சொன்னாள். "முந்தாநேத்து சாயங்காலமே ஐஸ் கரைஞ்சிடுச்சு சார். நேத்துக் காலையில சேக் பரீது அண்ணன் ஐஸ் கம்பெனிக்கு ஓடினேன். படகே போகலையே, ஐஸ் யாருக்கு, மெஷின நிறுத்திட்டேன், இனிமே ஜூன்லதான்னு சொல்லிட்டாரு. நாகூர் வரைக்கும் போயிப் பாத்தேன். மத்தியானம் வரைக்கும் உங்களையும் பாத்துக்கிட்டே இருந்தேன், உங்க போன் நம்பரும் எங்ககிட்ட இல்ல. மீனு கண்ணு சிவக்க ஆரம்பிச்சிடுச்சு. பரீட்சையில இருக்குற புள்ளைய எப்படிக் கூப்புடுறது? எனக்குத் தெரிஞ்சதச் செஞ்சேன்."

குறை சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மத்தியானம் வரைக்கும் உங்களையும் பார்த்தேன் என்றது மட்டும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மீன் கெடும் நிலைக்கு வந்தால் குடலை எடுத்து உப்பில் போடுவாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த காப்பாற்றும் வழி. அவள் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள், அந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். ஒரு நாள் தாமதமாக வந்த மகாராஜன் நான்தான் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாரதி பகல் ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள். பையைக்கூட இறக்காமல் வலைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நேர்காணலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கடலில் ஒரு விசைப்படகு இல்லை. தடையில்லாத சின்ன ஃபைபர் படகுகளில் ஒன்றிரண்டு கத்தாழை வந்தால் உண்டு, புதிதாக நூற்று நாற்பதுக்கு எங்கே போவது? விசாலாட்சி அவள் முன்னால் வந்து குந்தினாள். மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு மீனையே பார்த்தபடி பேசினாள்.

"தலை இருக்கு பாப்பா. ஒரு தலையக்கூட நான் வெட்டல. எல்லாத் தலையும் அப்படியே இருக்கு."

சின்னப் பிள்ளைக்குப் பொம்மை உடைந்தால் கையில் இருப்பதைக் காட்டிச் சமாதானம் செய்வோமே, அந்த மாதிரிதான் சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாரதி தலையை நிமிர்த்தினாள். ஒரு மீனை எடுத்து, நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அம்மா, கல்லு?"

கத்தாழைத் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கல் இருக்கும். மீன் தின்பவர்களுக்கு இது தெரியும், எனக்குப் பாடப் புத்தகத்தில் பார்த்துத் தெரியும். காதுக்குப் பக்கத்தில் இருக்கும் எலும்பு மாதிரியான கல். மீன் வளர வளர அந்தக் கல்லும் மேலே மேலே படிந்து வளரும். தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரியும், அதை எண்ணி வயதைக் கணிக்கலாம். குழம்பில் கிடந்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் கடிபடும் என்று விசாலாட்சியின் வாடிக்கைக்காரர்கள் சிலர் கல்லை எடுத்துத் தரச் சொல்வார்களாம். அவள் அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்குப் பின்னால் உச்சியில் ஒரு அழுத்து, ஒரு திருப்பு. மண்டை விரிந்தது. இரண்டு கல்லும் சேதமில்லாமல் மகளின் உள்ளங்கையில் விழுந்தன.

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்வரை நாலு பேரும் வேலை செய்தோம். விசாலாட்சி எடுக்க, பாரதி துடைக்க, மாணிக்கவேல் எண் பார்த்துச் சொல்ல, நான் சின்னச் சின்னக் காகித உறையில் போட்டு எழுதினேன். நாலு மீனை மட்டும் நேர்காணலில் காட்டுவதற்காக அப்படியே வைத்துக்கொண்டு, நூற்று முப்பத்தாறு மீனில் எடுத்தோம். இருநூற்று எழுபத்திரண்டு கல். உடைந்தவை இரண்டு. அந்த இரண்டும் நான் எடுத்துப் பார்க்கிறேன் என்று கை வைத்தவை.

அடுத்த பத்து நாள் பாரதி ஆய்வகத்திலேயே கிடந்தாள். உப்புத்தாளில் கல்லைத் தேய்ப்பாள், பார்ப்பாள், எண்ணுவாள், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயம் காட்டினாள். உப்புப் போடும் முன்னே எடுத்த நீளம் அவளிடம் இருக்கிறது, கருவாடான பின் எடுத்த நீளமும் இருக்கிறது. எல்லா மீனும் சுருங்கியிருக்கிறது. கல் மட்டும் சுருங்கவில்லை, அதன் அளவு மீனின் பழைய நீளத்தோடுதான் ஒத்துப்போகிறது.

"அப்போ கருவாட்டுக் கடையில கெடக்குற மீன வச்சே, அது பிடிபட்டப்ப என்ன நீளம், என்ன வயசுன்னு சொல்லிடலாம்ணே. ஃப்ரீசர் வேணாம், ஐஸ் வேணாம். நம்ம மாதிரி ஊருல இது எவ்வளவு பெரிய விஷயம்!"

அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்திருந்தது. அன்றைக்கு நான் அவளிடம் ஒப்புக்கொண்டேன், உளுந்துக் கதையைச் சொன்னேன். "தெரியும்ணே. அம்மா சொல்லல, நானே கண்டுபிடிச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஆனால் விசாலாட்சிக்கு இதெல்லாம் ஏறவில்லை. பெண்ணின் படிப்பைத் தன் கையால் கெடுத்துவிட்டோம் என்பதிலேயே நின்றாள். கல்லெல்லாம் ஏதோ ஒப்புக்குச் செய்யும் வேலை என்று அவள் நினைப்பு. சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாணிக்கவேல் எனக்குப் போன் செய்து சொன்னார். நேர்காணல் அன்று காலையிலேயே கல்லூரிக்கு வந்து, ஆய்வகத்துக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை.

சோமசேகரன் சார் நல்ல மனிதர். அவர் பாரதிக்கு ஒரு யோசனை சொன்னார். "முதல்லேர்ந்தே கல்லைப் பத்தித்தான் திட்டம் போட்டோம்னு சொல்லிடும்மா. கருவாடு கதையெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?" எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பாரதி தலையை மட்டும் ஆட்டினாள்.

பிற்பகல் இரண்டரைக்குத் திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். வெள்ளைத் தலை ஆண் ஒருவர், இரண்டு பெண்கள். பாரதி ஆங்கிலத்தில் பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது. "மை மதர்", "சால்ட்", "க்ரோஸ்" என்று காதில் விழுந்ததும் சோமசேகரன் சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். உண்மையை முழுதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், காக்காய் உட்பட. திரையில் ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். பிறகு கல் சுருங்காத கணக்கைக் காட்டியபோது மூன்று பேரும் சிரிப்பை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்தார்கள்.

வெள்ளைத் தலைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை கல்லில் இரண்டுதான் உடைந்தது என்கிறாயே, எங்கள் மாணவர்கள் நாலில் ஒன்றை உடைக்கிறார்கள், யார் எடுத்தது என்று. சார் எனக்குத் தமிழில் சொன்னார். பாரதி எழுந்து கதவுப் பக்கம் போனாள்.

"அம்மா, உள்ள வா. கல்ல எப்படி எடுக்கணும்னு காட்டு."

விசாலாட்சி தயங்கித் தயங்கி வந்தாள். தண்ணீரில் ஊறவைத்திருந்த நாலு தலையில் ஒன்றைக் கையில் கொடுத்ததும் தயக்கம் போய்விட்டது. ஒரு அழுத்து, ஒரு திருப்பு. கேமரா முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். திரையில் இருந்த மூவரும் இருக்கையை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். இன்னொரு முறை காட்டச் சொன்னார்கள். காட்டினாள். மூன்றாவது தலையையும் திறந்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்து, திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஐயா, அம்மா, கொடல நான்தான் எறிஞ்சேன். எம் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவ நம்பர் எல்லாம் போட்டு ஒழுங்காத்தான் வச்சிட்டுப் போனா. எனக்குத் தெரியாமப் போச்சு. அவளுக்கு இல்லன்னு சொல்லிடாதீங்க."

அதைக் கேட்டபின் எனக்கு ஓரமாக நிற்க முடியவில்லை. நானும் கேமராவுக்குள் புகுந்து, "தப்பு இவங்களோடது இல்லைங்க. ஒரு நாள் லேட்டா வந்தது நான்" என்றேன், தமிழில்தான். விசாலாட்சி என் பக்கம் திரும்பி, "நீங்க சும்மா இருங்க சார்" என்றாள்.

திரையில் மூவரும் என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். பாரதிக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் சாரைக் கேட்டேன். "தப்பு எனக்குத்தான் வேணும்னு ரெண்டு பேரும் சண்டை போடுறாங்க, தப்புன்னு இங்க எதுவுமே நடக்கலன்னு சொல்றா" என்றார்.

முடிவு வர ஆறேழு வாரம் ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் விசாலாட்சி கத்தாழை வாங்கி விற்கவே இல்லை. ஃபைபர் படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வரும் மற்ற மீனை எடுப்பாள், அதில் ஒன்றிரண்டு கத்தாழை வந்தால் நகர்ந்துவிடுவாள்.

ஜூனில் தடை நீங்கி, விசைப்படகுகள் முதல் மீனோடு திரும்பிய வாரம் அது. மார்க்கெட்டில் நிற்க இடமில்லை. கல்லூரிக்கு மின்னஞ்சல் வந்திருப்பதாகச் சார் சொன்னதும், காகிதத்தில் எடுத்துக்கொண்டு பாரதியும் நானும் மார்க்கெட்டுக்கே போனோம். மீன் மார்க்கெட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. விசாலாட்சி ஒருவருக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கெடைச்சிடுச்சு. செப்டம்பர்ல சேரணும். எல்லாச் செலவும் அவங்களே பாத்துக்குறாங்க."

விசாலாட்சி சிரிக்கவில்லை. காகிதத்தையே பார்த்தாள். "முழுசாப் படிச்சுச் சொல்லு" என்றாள்.

பாரதி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். படிப்பு, விடுதி, விசாவுக்கு என்னென்ன வேண்டும், எல்லாம் சொல்லி முடித்தாள்.

"கொடல் இல்லாததப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

"இல்லம்மா."

"அடியில பாரு. சின்ன எழுத்துல இருக்கும்."

"அடியில கையெழுத்துதாம்மா இருக்கு."

"இன்னொரு தடவை நல்லாப் பாரு பாப்பா."

பாரதி மறுபடியும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பின்பக்கத்தையும் திருப்பி, வெறும் காகிதத்தைக் காட்டினாள். "எங்கயும் இல்லம்மா. ஒரு எழுத்துகூட இல்ல."

அப்போதுதான் விசாலாட்சி கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு மாதமாக உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அத்தனை கூட்டத்துக்கு நடுவில், பக்கத்துக் கடைப் பெண்கள் எழுந்து ஓடி வரும்படி, வாய்விட்டு அழுதாள். யாருக்கோ சாவு என்று நினைத்து வந்தவர்கள், விஷயம் தெரிந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். நானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வியர்வை என்று யாரும் நம்பவில்லை.

காத்திருந்த வாடிக்கைக்காரர், "யம்மா, என் மீனு?" என்றார். பாரதி காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை இழுத்துச் செருகி, அம்மாவை நகர்த்தி உட்கார்ந்தாள். அன்றைக்கு மிச்ச மீன் முழுவதையும் அவள்தான் விற்றாள்.